வரைபடத்தில் இல்லாத கடல்

சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, டைனமோவைப் பின்சில்லோடு ஒட்டவைத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் றேடியோவுக்குப் போகும். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துவிடும், கூடினால் இரையும். பற்றறிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் பிபிசி தமிழோசை கேட்டது இப்படித்தான். பெடல் சுற்றுவது என் வேலை. ‘மெதுவாடா, மெதுவா’ என்று ஒரு குரல் வரும், ‘நிப்பாட்டிப்போடாதை’ என்று இன்னொரு குரல் வரும். அரை மணித்தியாலத்தில் தோள் கழன்றுவிடும்.

செய்தி முடிந்த பிறகுதான் உண்மையான நிகழ்ச்சி தொடங்கும். பலாலியில் எத்தனை ஆமி, ஆனையிறவில் எத்தனை, ஒரு டிவிசனுக்கு எத்தனை பேர், அதில் சண்டைக்கு வருபவன் எத்தனை, சமைப்பவன் எத்தனை. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், கூட்டுறவுச் சங்க மனேஜர், எங்கள் அப்பா, பக்கத்து வீட்டு மாமா. இவர்கள் ஒருவரும் துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் கணக்கு விரல் நுனியில் இருந்தது. எண்ணிக்கை எங்களுக்குச் சாதகமாக வராத இரவுகளில் யாராவது ஒருவர் முடித்துவைப்பார்: ‘அவங்கள் சம்பளத்துக்கு வந்தவங்கள். எங்கட பெடியள் அப்பிடியில்லை.’ அந்த வசனத்துக்குப் பிறகு கூட்டிக் கழிக்க ஒன்றும் இருக்காது. எல்லோரும் எழும்பிப் படுக்கப் போய்விடுவார்கள்.

இதை எள்ளலாகச் சொல்லவில்லை. இருட்டில், குப்பி விளக்கோடு, மேலே எப்போது புக்காரா குண்டுவீச்சு விமானம் வரும் என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு பிடிமானம். அவர்களிடம் கருத்துக் கேட்க யாரும் வரவில்லை. வாக்கு இல்லை, பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் நிலைமை இல்லை. படைபலத்தைப் பற்றிப் பேசலாம், அது ஒன்றைத்தான் பயமில்லாமல் பேசலாம். ஆகவே பேசினார்கள்.

1995 ஜூலையில் ஆமி வலிகாமத்துக்குள் ‘முன்னேறிப் பாய்தல்’ என்று வெளிக்கிட்டது. முதல் நாளே நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தது. தஞ்சம் புகுந்திருந்த சனம் நூற்றுக்கு மேல் செத்தது. சில நாட்களில் இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், ‘புலிப்பாய்ச்சல்’ என்று திருப்பி அடித்தது. ஆமி வந்த வழியே திரும்பியது. எங்கள் ஒழுங்கை ஆய்வாளர்களுக்கு அது பெரிய பாடம்: உள்ளுக்கு விட்டு அடிப்பார்கள். அந்த ஒக்ரோபரில் ‘சூரியக்கதிர்’ தொடங்கியபோதும் அதையேதான் சொன்னார்கள். ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து எல்லோரையும் வெளிக்கிடச் சொன்னது. மழை. செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் ஓர் இரவுக்குள் லட்சக்கணக்கான சனம் ஊர்ந்தது. தபாலதிபர் ஐயா என் முன்னால், தலையில் ஒரு சூட்கேசோடு நடந்தார். பாலத்தில் நெரிசலில் நாங்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றோம். அன்று இரவு யாரும் கணக்குப் பேசவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் சிங்கக்கொடி ஏறியது.

ஆனால் பாடம் அழியவில்லை. ஏனென்றால் அடுத்த வருடமே, 1996 ஜூலை 18ஆம் திகதி, முல்லைத்தீவு முகாம் அடிபட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். 1997 மே மாதம் ஆமி தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கை ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஏ9 பாதையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பிறகு நின்றுபோனது. அவ்வளவு காலம் எடுத்துப் பிடித்த இடங்கள் 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் கைமாறின. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு விழுந்தது. இழப்பதும் பிறகு மடங்காக எடுப்பதும் என்று மூன்று தடவை நடந்தால், நாலாம் தடவையும் அப்படித்தான் நடக்கும் என்று நம்புவது முட்டாள்தனம் இல்லை. எங்கள் ஆட்களை ‘மாயையில் இருந்தவர்கள்’ என்று இன்று எளிதாக எழுதுகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிட்டு எழுதுகிறார்கள். நாங்கள் மாயையில் இருக்கவில்லை. எங்களிடம் வரலாறு இருந்தது. அந்த வரலாறு எங்கே செல்லாமல் போகும் என்று பார்க்கத்தான் தவறினோம்.

தெற்கிலும் இதேதான் நடந்துகொண்டிருந்தது, வேறு விதமாக. 1998இல் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. ஆனையிறவுக்குப் பிறகு, 2000 மே மாதத்தில், தணிக்கை இன்னும் இறுகியது. யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகையைப் பூட்டினார்கள், கொழும்பில் சண்டே லீடரையும் பூட்டினார்கள். சிங்களக் கிராமங்களுக்கு முத்திரை வைத்த சவப்பெட்டிகள் வந்தன. திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் பல பெட்டிகளைக் கொடுத்தார்கள். செய்தியைப் பூட்டலாம், பெட்டியைப் பூட்டினாலும் அது வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறதே. 2001 டிசம்பரில் சமாதானம் பேசுவோம் என்றவர்கள் தேர்தலில் வென்றதற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கட்டுநாயக்காவில் ஜூலை மாதம் எரிந்த விமானங்கள் இன்னொரு காரணம்.

அதே ஆண்டிலிருந்து கொழும்பில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் ‘சமாதான நம்பிக்கைச் சுட்டெண்’ என்று கருத்துக்கணிப்பு நடத்தி வந்தது. போரா பேச்சா என்று கேட்டு, இனவாரியாகப் பிரித்து வெளியிடுவார்கள். போர் நிறுத்த காலத்தில் பேச்சுக்குச் சாய்ந்த அதே சிங்களப் பெரும்பான்மை, 2006க்குப் பிறகு, கிழக்கில் ஆமி வெல்ல வெல்ல, போருக்குச் சாய்ந்தது. நான் அந்த அறிக்கைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். சனத்தின் கருத்து போரை நிறுத்தும் என்று நாங்கள் காத்திருந்தோம். போர்தான் சனத்தின் கருத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. வாகரை பிடிபட்டால் பட்டாசு, தொப்பிகல பிடிபட்டால் பாற்சோறு. தோற்கும் போரை எந்தச் சனமும் கொஞ்ச நாளில் வெறுக்கும். வெல்லும் போரை வெறுக்கும் சனத்தை நான் இன்னும் காணவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2008இல் எனக்கு 26 வயது. கனடாவில், ஸ்காபரோவில் இருந்தேன். எக்ளின்ரன் வீதிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் சனிக்கிழமைகளில் கூடுவோம். அங்கே சுவரில் ஒரு வரைபடம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபதுகளில் வன்னியில் வேலை செய்தவர். அவர் நினைவிலிருந்தே கீறியது. அக்கராயன், வன்னேரி, இரணைமடு என்று குளங்கள் நீலப் பென்சிலில், வீதிகள் கறுப்பில், காடு பச்சைக் கோடுகளில். பிரின்ற் எடுத்த எந்த வரைபடத்திலும் அந்த நேர்த்தி இல்லை. அதில் சிவப்பு ஊசியும் மஞ்சள் ஊசியும் குத்துவோம். மடு போனது ஏப்ரலில், விடத்தல்தீவு ஜூலையில். சிவப்பு ஊசி ஒவ்வொன்றாக வடக்கே ஏறியது. ஏறும்போதெல்லாம் சொன்னோம்: ‘வரட்டும். அகல விரிக்கட்டும். விரிச்ச இடத்திலதான் மெலிவான்.’

ஒரு நாள் எங்களோடு வரும் ஒரு பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவள், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: ‘அங்கிள், கப்பல் நாலும் போட்டுதே. செல் எங்காலை வரும்?’

2007 செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும் இலங்கைக் கடற்படை ஆழ்கடலில் இயக்கத்தின் ஆயுதக் கப்பல்கள் நாலை மூழ்கடித்திருந்தது. கரையிலிருந்து எத்தனையோ நூறு மைல் தள்ளி. எங்களுக்கு அது செய்தியாகத் தெரியும். வரைபடத்தில் அதற்கு இடமில்லை. நில அளவையாளர் கரையோடு கோட்டை நிறுத்தியிருந்தார். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள்.

அவள் நிறுத்தவில்லை. இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததால் கிழக்கிலிருந்து இனி ஆள் வராது என்றாள். கனடாவும் ஐரோப்பாவும் 2006இல் தடை போட்டதால் காசு போகும் வழி அடைபட்டுவிட்டது என்றாள். ஆமி வருடத்துக்கு வருடம் பல்லாயிரம் பேரைப் புதிதாகச் சேர்க்கிறது, சின்னச் சின்ன அணியாகக் காட்டுக்குள் அனுப்புகிறது, ஜெயசிக்குறுவைப் போல றோட்டு வழியே வரிசையாக வரவில்லை என்றாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அந்த அறையில் அன்று படைபலத்தைப் பற்றி உண்மையாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

யாரோ ஒருவர் மெல்ல, கிட்டத்தட்டப் பாசமாக, ‘பிள்ளை, நீர் ஆற்றை பேப்பர் படிக்கிறனீர்?’ என்று கேட்டார். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். துரோகி என்ற சொல்லைச் சொல்லாமலே சொல்ல எங்களிடம் பல வசனங்கள் இருந்தன. அவள் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. நான் அங்கே இருந்தேன். என் மனத்தில் அவள் கணக்கே சரியென்று பட்டது. வாய் திறக்கவில்லை.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. 1995இல் எங்களோடு பாலம் கடந்தவர், நாங்கள் திரும்பியபோது திரும்பாமல் வன்னியிலேயே தங்கிவிட்டார். போர் நிறுத்தம் வந்த பிறகு கிளிநொச்சியில் வீடு கட்டினார். மாமா, மாமி, மகள், மகன். 2008 மார்ச்சில் மகனுக்குச் சிறுநீரகத்தில் பிரச்சினை என்று வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கிடைத்தது. இயக்கத்திடம் பாஸ் எடுத்து, மாமாவையும் மகளையும் பொறுப்புக்கு விட்டு, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து வயதுப் பெடியன். வவுனியாவிலிருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

‘தம்பி, இவனை இஞ்சையே எங்கையும் விட்டிட்டுப் போவமோ எண்டு யோசிக்கிறன். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு தொடங்கியிட்டினம். ஆனா இஞ்சையும் வெள்ளை வானில ஆக்களைக் கடத்திறாங்கள் எண்டு கதைக்கினம். நீ என்ன நினைக்கிறாய்?’

நான் வரைபடத்தை நினைத்தேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது, ஆனால் உண்மை அதுதான். சிவப்பு ஊசிகளையும் ‘அகல விரிக்கட்டும்’ என்பதையும் நினைத்தேன். ‘பயப்பிடாதேங்கோ மாமி. கிளிநொச்சியை விடமாட்டினம். வருசக் கடைசியில எல்லாம் மாறும். வவுனியாவில தனிய விட்டா ஆர் பாக்கிறது? கூட்டிக்கொண்டு போங்கோ’ என்றேன்.

அவர் கூட்டிக்கொண்டு போனார்.

செப்ரெம்பரில் ஐ.நா. ஆட்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். கிளிநொச்சிச் சனம் வாசலில் நின்று போக வேண்டாம் என்று மன்றாடியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது என்று சனாதிபதி தொலைக்காட்சியில் அறிவித்தார். ஆனையிறவு 9ஆம் திகதி, முல்லைத்தீவு 25ஆம் திகதி. பின்னறையில் நாங்கள் ஊசி மாற்றுவதை நிறுத்தியிருந்தோம். வன்னியில் அப்போது விவாதம் வேறு எண்ணைப் பற்றியது.

உள்ளே சனம் எவ்வளவு? அரசாங்கம் 70,000 என்றது. முல்லைத்தீவில் கடமையில் இருந்த உதவி அரசாங்க அதிபர் 3,30,000 என்று மேலிடத்துக்கு எழுதினார். அந்த எண்ணுக்கு ஆதாரமில்லை என்று அவரைக் கண்டித்துக் கடிதம் போனது. இது வெறும் புள்ளிவிபரச் சண்டை இல்லை. எழுபதாயிரம் என்றால் எழுபதாயிரம் பேருக்குத்தான் அரிசி, எழுபதாயிரம் பேருக்குத்தான் மருந்து. கப்பலில் வந்த மூட்டைகளின் எண்ணிக்கையை அந்த ஒரு இலக்கம் தீர்மானித்தது. மெனிக் பாம் முகாமுக்கும் மற்ற முகாம்களுக்கும் கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். சாகாமல் வந்தவர்கள் மட்டுமே அவ்வளவு.

இயக்கத்தின் பலத்தை இருபது வருடமாக எண்ணிய எங்களில் ஒருவருமே அங்கே சனம் எத்தனை என்று முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வரைபடத்தில் குளம் இருந்தது, காடு இருந்தது, ஊசி இருந்தது. 2009 பெப்ரவரிக்குப் பிறகுதான் ‘மூன்று லட்சம் மக்கள்’ என்று பதாகையில் எழுதிக்கொண்டு றோட்டில் நின்றோம். மே 10ஆம் திகதி கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். அந்தக் கத்தல் பொய்யில்லை. ஆனால் அதே பதாகையில் ‘சனத்தை வெளியே விடு’ என்று இரண்டு பக்கத்தையும் பார்த்து எழுத எங்களுக்கு வாய் வரவில்லை. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள்ளேயே அரசாங்கம் செல் அடித்தது. வெளியேறப் பார்த்த சனத்தை இயக்கம் சுட்டது. இரண்டும் நடந்தது. 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இரண்டையும் எழுதியது. எங்களுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. அங்கே இருந்து வந்த எந்த மனிசரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போர் முடிந்த பிறகு எண்கள் வரத் தொடங்கின. 2008 ஒக்ரோபரிலிருந்து தன் இழப்பை வெளியிடாமல் வைத்திருந்த பாதுகாப்பு அமைச்சு, கடைசிப் போரில் 6,261 படையினர் செத்ததாகவும் 29,551 பேர் காயப்பட்டதாகவும் மே மாதத்தில் சொன்னது. அத்தனை மாதம் அநுராதபுரத்திலும் குருநாகலிலும் அம்மாமார் தங்கள் பிள்ளையின் பெட்டியை மட்டும்தான் பார்த்தார்கள். பக்கத்து ஊருக்கு எத்தனை பெட்டி வந்தது என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. புலிகளில் 22,000 பேரைக் கொன்றதாக அரசாங்கம் அறிவித்தது. பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பியதாகவும் சொன்னது. 2008 தொடக்கத்தில் மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் என்று சொன்ன அதே வாயால். அப்படியென்றால் கூடியவர்கள் யார்? கடைசி மாதங்களில் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளா? புலி என்று எண்ணிய சனமா? இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்து ஆய்வாளரும் பதில் எழுதவில்லை.

ஒருவர் மட்டும் எளிய கழித்தல் செய்தார். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் (மாவட்டச் செயலக) கணக்கின்படி வன்னியில் 4,29,059 பேர், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர், மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் அவர் கேட்டது அவ்வளவுதான். அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்றார். டிவிசன், பிரிகேட், செல், கப்பல் என்று முப்பது வருடம் எண்ணிய ஒரு நாட்டில், சனத்தை முன்னும் பின்னும் எழுதிக் கழித்துப் பார்த்தவர் ஒரு பாதிரியார். நான் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

2012இல் ஊருக்குப் போனபோது மாமியைக் கிளிநொச்சியில் பார்த்தேன். பழைய வீட்டின் அத்திவாரத்தில் தகரக் கொட்டில். மாமா 2009 மார்ச் மாதம் மாத்தளனில் செல்லில் போய்விட்டார். மகள் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் மகனை இயக்கம் கொண்டுபோனது. மே 17ஆம் திகதி வட்டுவாகல் பக்கம் அவனை ஆமியிடம் சரணடைந்த வரிசையில் கண்டதாக ஒரு பெடியன் சொன்னான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. செத்தவர் பட்டியலிலும் இல்லை, புனர்வாழ்வுப் பட்டியலிலும் இல்லை.

மாமி அதிகம் கதைக்கவில்லை. பங்கர் எப்படி வெட்டினோம் என்று மட்டும் விரிவாகச் சொன்னார். மண் மணல் என்பதால் விழுந்துவிடுமாம். சீலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினார்களாம். பருத்திச் சீலை கிழிந்துபோகும், நைலெக்ஸ் தாங்கும். கடைசியில் அவருடைய கூறைச் சீலையையும் வெட்டித் தைத்தார்களாம். ‘பட்டு நல்லாத் தாங்கினது தம்பி’ என்றார். மாமா அந்த மூட்டைக்குப் பக்கத்தில் இல்லாமல், தண்ணி எடுக்கப் போன இடத்தில் விழுந்தார்.

நான் அன்றைக்கு ரெலிபோனில் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ‘நீயோ சொன்னனீ? எல்லாரும்தானே சொன்னவை’ என்றார். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானம் கிராம சேவகர் வீட்டுத்திட்டப் பதிவுக்கு வந்தார். இளம் பெடியன், மோட்டார் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, கொப்பியைத் தொடையில் வைத்துக்கொண்டு, குடும்ப அட்டையைப் பார்த்தபடி கேட்டார்.

‘அம்மா, உங்கட வீட்டில இப்ப எத்தினை பேர்?’

‘மூண்டு’ என்றார் மாமி.

அவர் நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். பிறகு குனிந்து, மூன்று என்றே எழுதினார்.